இருபத்துமூன்று கைநாட்டுகள்

தஞ்சாவூர்
8.3.1970

அன்புள்ள பஞ்சு,

உறையின் மேல் 'பேராசிரியர் பஞ்சநதம், செயலாளர், தென்னாட்டு அரசியல் அறிவியலாளர் சங்கம், சென்னை' என்று உன் பட்டத்தை முழுதாக எழுதியிருக்கிறேன். விடுதியில் என் வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு போனவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று பேனாவே தயங்கியது.

சங்க மலருக்குக் கட்டுரை அனுப்பியிருக்கிறேன். புதுக் குத்தகைப் பதிவுச் சட்டம் பற்றியது. வாய்ப்பேச்சில் குத்தகை உழுகிறவன் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துத் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது என்கிறது சட்டம். சட்டம் கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டது, வரப்பு வரைக்கும் வந்து சேருமா என்பதுதான் என் கேள்வி. ஒட்டங்கரையில் ஒரே பண்ணையின் நிலத்தை உழும் இருபத்துமூன்று பேரிடம் "மனுக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். பதினாறு பேர் கொடுப்போம் என்றார்கள். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

அவர்கள் வாய் திறந்தது நான் காலேஜ் வாத்தியார் என்பதற்காக இல்லை. என் அக்கா அக்னஸ் வாக்கப்பட்ட ஊர் அது. மச்சான் மரியஅந்தோணியும் அந்த இருபத்துமூன்றில் ஒருவர். அக்காதான் வீடு வீடாக என்னைக் கூட்டிப்போய், "என் தம்பிதான், பேச்சு வெளியில போவாது. மாதா மேல சத்தியம்" என்று சொன்னாள். சத்தியம் செய்தது அவள், நான் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

உன் சங்கத்தின் ஏழாம் விதிப்படி ஆள் ஆளாக அட்டவணை போட வேண்டுமாம். வயது, பிள்ளைகள், உழும் நிலம், மாடு கன்று, சொன்ன பதில், எல்லாம் வரிசையாக. அட்டவணை இல்லாமல் கட்டுரையைப் போடு. சங்கத்தின் அச்சிட்ட படிவத்தில் பெயரும் தேதியும் கைநாட்டுமாக இருபத்துமூன்று தாள்களும் இத்துடன் வருகின்றன. நீ பார்த்துக்கொள், ஊருக்குக் காட்டாதே.

உன்,
குழந்தைராஜ்


சென்னை
17.3.1970

அன்புள்ள குழந்தை,

வேட்டியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அதையும் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் சங்கம் தொடங்கிய ஒன்பது வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. அதனாலேயே அட்டவணையை விட முடியாது. நான்கு வருஷத்துக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கிராமத்தையே கற்பனை செய்து எழுதி, நாமும் அச்சடித்து, சிரிப்பாய்ச் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். ஏழாம் விதியை அதன் பிறகு என் கையால்தான் எழுதினேன். சங்கம் என்பது டீயும் பஜ்ஜியும் தின்று கலைவதற்கு இல்லை. ஒருவன் பார்த்ததாகச் சொல்வதை இன்னொருவன் சரிபார்க்க வழி வேண்டும். அந்த வழியை வைத்திருப்பதுதான் சங்கத்தின் வேலை. அது இல்லாவிட்டால் உன் கட்டுரைக்கும் கட்சி நோட்டீசுக்கும் என்ன வித்தியாசம்? நீ சேரியில் பிறந்தவன், உன் ஆட்களுக்காக எழுதுகிறாய் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள். அட்டவணை உனக்குக் கவசம்.

பெயர் வராது. ஊர்ப் பெயர் வராது. ஒன்று முதல் இருபத்துமூன்று வரை வெறும் எண்கள். எண்ணைப் பார்த்து எவன் ஆளைக் கண்டுபிடிப்பான்? தாள்கள் என் இரும்பு பீரோவில் இருக்கின்றன. சாவி என் பூணூலில்.

அன்புடன்,
பஞ்சநதம்


தஞ்சாவூர்
2.4.1970

பஞ்சு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்காவிடம் கேட்டேன். "நம்பருதானே போடப்போறே, பேரு இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப போட்டுக்க. நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு மீன் ஆயப் போய்விட்டாள்.

அவள் ஓர் எதிர்ச்சொல் கூடச் சொல்லவில்லை என்பது எனக்குத் திருப்தியாக இல்லை. இருந்தாலும் உன் பேச்சில் நியாயம் இருக்கிறது. கட்டுரை மலரில் வர வேண்டும் என்கிற ஆசையும் எனக்கு இருக்கிறது, அதை மறைத்து என்ன பயன். அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

குழந்தைராஜ்


சென்னை
20.8.1970

அன்புள்ள குழந்தை,

மலர் வந்துவிட்டது, பார்சலில் இரண்டு பிரதி உனக்கு. ஒரு சந்தோஷச் செய்தி. வழக்கமாக நம் மலர் நூலகங்களுக்குப் போனது போக மிச்சமெல்லாம் என் வீட்டுப் பரணில் கிடக்கும். இந்த முறை வெளியான பதினைந்து நாளில் தஞ்சை ஜில்லாவிலிருந்து மட்டும் நாற்பது பிரதி கேட்டு எழுதியிருக்கிறார்கள்! பழைய மலர்களில் வந்த மற்றக் கிராம ஆய்வுகளும் வேண்டுமாம். நெல் விளைகிற ஊரில் அரசியல் அறிவியல் இவ்வளவு விளைகிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. எல்லாம் உன் கட்டுரையின் மகிமை. நிர்வாகக் குழுவில் உன்னைப் பாராட்டித் தீர்மானம் போட்டோம்.

பஞ்சநதம்


தஞ்சாவூர்
2.9.1970

பஞ்சு,

நாற்பது பிரதி கேட்டவர்கள் யார் என்று ஏன் பார்க்கவில்லை? முகவரியைப் படிக்கவே மாட்டாயா?

போன வெள்ளிக்கிழமை பண்ணையின் காரியஸ்தர் வைரக்கண்ணு ஒட்டங்கரைக்கு வந்திருக்கிறார். கையில் நம் மலர். நேரே அம்சம் வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்சம் புருஷனை இழந்தவள், மூன்று மா நிலத்தைத் தானே ஏர் பிடித்து உழுகிறவள். வாசலில் நின்றபடியே படித்துக் காட்டியிருக்கிறார்: "ஒம்பதாம் நம்பரு. பொம்பள. வயசு நாப்பத்தொண்ணு. பொண்ணு ரெண்டு. கறவை எருமை ஒண்ணு. மூணு மா. மனுக் கொடுப்பேன்." பிறகு கொட்டிலில் கட்டியிருந்த எருமையைப் பார்த்து, "என்னம்மா அம்சம், ஊருல குத்தகை உழுவுற பொம்பள எத்தனை பேரு?" என்று கேட்டாராம்.

அப்படியே ஒவ்வொரு வீடாக. ஆறு பிள்ளை பெற்றவன் ஊரில் ஒருவன். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரவல் மாடு கட்டி உழுகிறவன் ஒருவன். எண்ணைப் பார்த்து எவன் கண்டுபிடிப்பான் என்று நீ கேட்டாய். ஊரில் இருக்கிறவன் கண்டுபிடிப்பான், பஞ்சு. நீயும் நானும் அங்கே இல்லை, அதனால் நமக்கு அது தோன்றவில்லை. நானாவது அதே மாதிரி ஒரு சேரியில் பிறந்தவன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

காரியஸ்தர் சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை. எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். மறுநாள் முதல் பதினாறு பேர் வயலுக்கு மட்டும் மடை திறப்பதில்லை. நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பக்கத்து வயலில் முழங்கால் தண்ணீர்.

விற்பனையை இன்றே நிறுத்து. அந்தத் தாள்கள், பெயரும் கைநாட்டும் இருக்கிற தாள்கள், யார் கையிலும் சிக்கக்கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

குழந்தைராஜ்


சென்னை
9.9.1970

குழந்தை,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. விற்பனையை நிறுத்திவிட்டேன். முப்பத்தேழு பிரதிகள் ஏற்கெனவே போய்விட்டன.

நேற்று ஒருவர் சங்க அறைக்கு வந்தார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. ஒட்டங்கரை ஆய்வின் மூலத் தாள்களை ஆராய்ச்சிக்காகப் பார்க்கலாமா என்று கேட்டார். ஊர்ப் பெயரை அவராகவே சொன்னார். எங்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். படி இறங்கும்போது பீரோவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

தாள்களைப் பற்றி இனிக் கவலைப்படாதே. அவை யார் கையிலும் சிக்காது. அதற்கு நான் பொறுப்பு.

பஞ்சநதம்


தஞ்சாவூர்
14.11.1970

அன்புள்ள பஞ்சு,

இரண்டு மாதம் உனக்கு எழுதவில்லை. கோபம்தான். இப்போது கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் வழி ஒன்று தெரிகிறது.

ஒட்டங்கரையில் இருபத்துமூன்று பேருமே மனுக் கொடுத்துவிட்டார்கள். மாட்டேன் என்று சொன்ன ஏழு பேரையும் காரியஸ்தரே பயமுறுத்தி இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பண்ணை என்ன பதில் போட்டிருக்கிறது தெரியுமா? இவர்கள் யாரும் குத்தகைக்காரர்களே இல்லையாம், தினக்கூலிக்கு வந்த ஆட்களாம். குத்தகை நெல் அளந்ததற்கு எந்தக் காலத்திலும் ரசீது கொடுத்ததில்லை. மூன்று தலைமுறையாக உழுகிறார்கள், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

கூத்தாநல்லூர் வக்கீல் மூஸா இவர்களுக்காக ஆஜராகிறார். "சண்டை வர்றதுக்கு முன்னாடி எழுதுன காயிதம் எதுவாச்சும் இருக்கா? இவங்க உழுவுறாங்கன்னு யாராச்சும் எழுதி வச்சாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்தானே எழுதினேன்! ஜனவரி மாதம், தேதி போட்டு, நிலத்தின் நாலெல்லை எழுதி, கைநாட்டு வாங்கி! நான் வாயால் சாட்சி சொன்னால் அக்கா தம்பி என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் உன் சங்கத்தின் முத்திரை போட்ட படிவம், சென்னையில் சங்கத்தின் பொறுப்பில் இருந்த தாள், அதைத் தள்ள முடியாது என்கிறார் மூஸா. நீ எழுதிய விதி நம்மைக் கெடுத்தது. இப்போது அதுவே காப்பாற்றட்டும்.

பண்ணை சமரசத்துக்கும் ஆள் அனுப்பியிருக்கிறது. மனுவை வாபஸ் வாங்கினால் ஆளுக்குப் பாதி நிலத்தைப் பத்திரத்தில் எழுதித் தருகிறதாம். கார்த்திகை கடைசி வரைதான் வாய்தா, அதன் பிறகு கிடையாது. தாள் இருக்கிறது என்று நான் சொன்னதும் எல்லோர் முகமும் மாறிவிட்டது. விசாரணை ஜனவரி 11. தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பு. இல்லை, நீயே எடுத்துக்கொண்டு வா.

குழந்தைராஜ்


சென்னை
25.11.1970

அன்புள்ள குழந்தைராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வுத் தாள்களை வழக்கு ஒன்றில் ஆவணமாகக் கொடுப்பது பற்றி நம் விதிகளில் எதுவும் இல்லை. சங்கம் எந்தத் தரப்பிலும் சேராத அமைப்பு என்பதை நீ அறிவாய். நிர்வாகக் குழுவைக் கூட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். உறுப்பினர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், சற்று அவகாசம் தேவைப்படும்.

இதற்கிடையில், சமரசத்தையும் யோசித்துப் பார்க்கச் சொல்லலாமே? பாதி என்பது குறைவில்லை. காகிதத்தை நம்பிக் கையில் இருப்பதை விடுவது புத்திசாலித்தனமா என்று தோன்றுகிறது. இதை நண்பனாகச் சொல்கிறேன்.

பஞ்சநதம்


தஞ்சாவூர்
5.12.1970

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் 25ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. எந்தத் தரப்பிலும் சேராத சங்கம் முப்பத்தேழு பிரதியைப் பார்சல் கட்டும்போது எந்தத் தரப்பில் இருந்தது என்று தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்.

பஞ்சு, உன்னைச் செயலாளர் அவர்களே என்று கூப்பிட எனக்கே கசக்கிறது. ஆனால் நீ திருவையாற்று நிலக்காரர் வீட்டுப் பிள்ளை என்பது இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதற்காக வெட்கப்படுகிறேன், உனக்காகவும்தான்.

சமரசத்தை நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா முகத்தில் அடித்தாற்போலக் கேட்டாள்: "முழுசுக்கும் காயிதம் மெட்ராசுல இருக்குன்னு நீதானே சொன்னே? பொறவு எதுக்குடா பாதி?" அம்சமும் அதையே சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை மச்சான் தானே மடையைத் திறக்கப் போனார். வாய்க்கால் கரையில் நாலு பேர் மறித்து மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் வலது கை ஒடிந்துவிட்டது. போலீசில் எழுதிய புகாரில் மச்சான்தான் குற்றவாளி. இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "கை போனா போவுது மாப்ள. ரேகை முன்னாடியே வச்சாச்சு."

பதினொன்றாம் தேதிக்கு இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது. தாள்களைக் கொண்டு வா.

குழந்தைராஜ்


சென்னை
6.1.1971

குழந்தை,

இந்தக் கடிதத்தை நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

தாள்கள் இல்லை. அந்த ஆள் வந்து பீரோவைப் பார்த்துவிட்டுப் போனான் என்று எழுதினேனே, அன்று சாயங்காலமே இருபத்துமூன்றையும் என் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். யார் கையிலும் சிக்கக்கூடாது என்று நீ காலைப் பிடித்துக் கேட்டிருந்தாய். தகவல் சொன்னவர்களைக் காப்பதுதான் நம் தொழிலின் தர்மம் என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன். அதைத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். எரித்த பிறகு மனம் லேசாக இருந்தது, குழந்தை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

நவம்பரில் நீ தாளைக் கேட்டதும் நிர்வாகக் குழு என்று கதை அளந்தேன். குழு கூடவே இல்லை. அவர்கள் பாதி நிலத்தை வாங்கிக்கொண்டு விட்டால் தாளுக்குத் தேவையே வராது, யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். இல்லாத தாளை நம்பி அவர்கள் பாதியையும் உதறினார்கள் என்று டிசம்பரில் நீ எழுதியபோது வாய்தா முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அன்றைக்காவது தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அச்சகத்தில் ஏதாவது நகல் இருக்குமா என்று தேடினேன், இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே கார்த்திகை முடிந்துவிட்டது.

நான் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் செய்யவில்லை. நீ அப்படி நினைத்தாலும் நான் மறுப்பதற்கில்லை. செயலாளர் பதவியை விட்டுவிட்டேன், அதனால் யாருக்கும் ஒரு குழி நிலம் கூடக் கிடைக்காது என்று தெரியும். நான் வந்து கூண்டில் ஏறி, தாள்களைப் பார்த்தேன், இன்னின்னது எழுதியிருந்தது என்று சத்தியம் செய்கிறேன். பெயர்கள் எல்லாம் எனக்கு நினைவில் இல்லை. நீ எழுதிக் கொடுத்தால் படித்துக்கொள்கிறேன். தந்தி கொடு, அடுத்த ரயிலில் வருகிறேன்.

பஞ்சநதம்


தாலுகா ஆபீஸ் வராந்தா
11.1.1971, காலை பத்தரை

பஞ்சு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தந்தி கொடுக்கவில்லை.

மூஸாவிடம் மட்டும் காட்டினேன். படித்து முடித்து, மடிப்புக் கலையாமல் மடித்துக் கொடுத்தார். "எரிச்சவரே வந்து சாட்சி சொன்னா, எதை எரிச்சாரு, யாருக்காக எரிச்சாருன்னுதான் எதிர்த்தரப்புல கேப்பாங்க. வர வேணாம்னு சொல்லுங்க" என்றார். பிறகு, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். நான் கடிதத்தைப் பைக்குள் வைத்தேன்.

நேற்று முழுக்க ஒட்டங்கரையில்தான் இருந்தேன். சொல்லத்தான் போனேன். போனால் ஊரே பண்டிகைக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது. அக்கா எனக்குக் கோழி அடித்தாள். மச்சான் கட்டுப் போட்ட கையோடு சட்டைக்குக் கஞ்சி போடுகிறார். வயலில் சம்பா இல்லை, தண்ணீர் வராத பதினாறு பேர் வயலும் கோரை முளைத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, "தை பொறந்தா கோரையைப் பறிச்சுப்புட்டு உளுந்து வெதைக்கலாம்" என்று பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் யாராவது என் இலையில் எதையாவது வைத்தார்கள். நீ ஏன் எழுதாமல் இருந்தாய் என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

காலையில் இருபத்துமூன்று பேரும் எட்டு மைல் நடந்தே வந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் வைரக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் அவருடன் வந்தவர்களும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். வெளியே வேப்பமரத்தடியில் போலீஸ் வேன் ஒன்று நிற்கிறது, யாருக்காக என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

என் மடியில் இருக்கிற காகிதக் கட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது என் வகுப்புக் குறிப்பு. வெறுங்கையோடு வர முடியாமல் எடுத்து வந்தேன். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சற்று முன் அம்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தம்பி, அன்னிக்கு எங்கையில சாணி ஒட்டியிருந்திச்சு. ரேகை சரியா வுழுந்துச்சோ என்னவோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. அழிஞ்சு கிழிஞ்சு போயிருக்காதே?" என்று கேட்டாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுதப்போவதில்லை.

டவாலிச் சேவகன் கதவைத் திறந்துவிட்டான். மனு வரிசைப்படி கூப்பிடுகிறார்கள், முதல் பெயர் அம்சத்துடையது. அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.